நாலாவது சிலிண்டருக்குப் போகாத பொறி

ஸ்பார்க் பிளக்குக்குப் பிரெஞ்சில் 'பூழி' என்று பெயர். பூழி என்றால் மெழுகுவர்த்தி. அல்ஜீரியாவில் அதே பெயரில் ஒரு துறைமுகம் இருந்தது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மெழுகு போனதால் ஊர்ப்பெயர் முதலில் வர்த்திக்கு வந்தது. மோட்டார் வந்த பிறகு வர்த்தியின் பெயர் பிளக்குக்கு வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆனால் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் லாரி ஓட்டி, பென்ஷனோடு ஊர் திரும்பிய என் சித்தப்பாவிடம் கற்றேன். டிஸ்ட்ரிபியூட்டரை அவர் 'தெல்கோ' என்பார். அதன் மூடியைத் 'தெல்கோவின் தலை' என்பார். யாருடைய தலை என்று சிறு வயதில் யோசித்திருக்கிறேன். விடை பல வருடம் கழித்து, பிரெஞ்சுக்காரர்களோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஊரில் ஒரு பழைய பிக்கப் வண்டி மக்கர் செய்தபோதுதான் தேடத் தோன்றியது.

அந்த ஊர் பாலவனத்தம். என் மனைவி பிறந்த ஊர். அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையில் இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. அவர் காலத்தின் பெரிய எஞ்சின் நீராவி எஞ்சின். அதில் நெருப்பு வெளியே அடுப்பில் எரியும். அணையாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவர் 1911-ல் மறைந்தார். ஏறக்குறைய அதே வருடங்களில்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரைச் சீமையில் மோட்டார் பஸ் விடத் தொடங்கினார். மோட்டாரில் நெருப்பு எஞ்சினுக்குள்ளேயே எரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பற்ற வேண்டும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் நிமிடத்துக்கு 4000 பொறி. அதில் நாலில் ஒன்று தப்பினால் என்ன ஆகும் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

1991, ஐப்பசி மாதம். விருதுநகர் மாவட்டம் அப்போது காமராசர் மாவட்டம். மைத்துனன் மகளுக்குக் காது குத்து என்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மைத்துனனுக்குக் கரி வியாபாரம். திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுகிறவர்களிடம் கரி வாங்கி, மூட்டையாகக் கட்டி, டவுனில் கொண்டுபோய்ப் போடுவான். வண்டி, மூன்று கை மாறி வந்த பழைய பெட்ரோல் பிக்கப். ஜீப் மாதிரி மூஞ்சி, நாலு சிலிண்டர்.

வண்டி சும்மா நிற்கும்போது ஒழுங்காகத்தான் ஓடியது. பாரம் ஏற்றிக் கண்மாய்க் கரை ஏற்றத்தில் விட்டால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது. காலையில் பனி விழுந்த நாளில் இன்னும் மோசம். நம் ஊரில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். மைத்துனன் டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். பிளக் மாற்றினார்கள், பாயிண்ட் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். பிறகு, எஞ்சினே போய்விட்டது, இறக்கி ரீபோர் செய்ய வேண்டும், அதற்கு டீசல் எஞ்சினையே மாற்றி வைத்துவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் பெட்ரோல் வண்டி வைத்திருந்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு வீட்டில் இருந்த ஒரே வழி, மைத்துனன் மனைவியின் ஆறு பவுன் சங்கிலி. சங்கிலி பீரோவை விட்டு வெளியே வந்துவிட்டது. மறுநாள் அடகுக் கடைக்குப் போக வேண்டியது.

அந்தப் பெண் எனக்குத் தங்கை முறை. "அண்ணே, எஞ்சின் நெசமாவே போயிருச்சா? இல்ல, அவுக சொல்றதுதானா?" என்று கேட்டாள்.

எனக்கு எஞ்சின் தெரியாது. நான் குமாஸ்தா. ஆனால் ஒன்று தெரியும். ஆபீசில் ஒரு கோப்பு காணவில்லை என்றால் யாரும் ஆபீசையே மாற்றுவதில்லை. கடைசியாக அது எந்த மேசைக்குப் போனது என்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வருவோம். "அடகு ஒரு நாள் பொறுக்கட்டும்" என்றேன். ஊரில் வேப்பமரத்தடியில் ஸ்பானரும் சாக்குமாக உட்கார்ந்திருந்த பெரியவரைக் கூட்டி வந்தோம். வயது அறுபதுக்குப் பக்கம். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி முதலில் பானெட்டையே திறக்கவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லி மட்காடின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பிறகு பின்னால் போய் சைலன்சர் வாயில் கையைக் காட்டினார். "நாலுல ஒண்ணு அப்பப்ப தூங்குது சார். எதுன்னு பாப்போம்" என்றார்.

மைத்துனனை வண்டியில் உட்கார வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரைப் போட்டுப் பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சைக் கொஞ்சம் விடச் சொன்னார். பாரம் இழுக்கிற மாதிரி எஞ்சின் முக்கியது. சைக்கிள் ட்யூப் சுற்றிய குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் மூன்றைக் கழற்றியபோதும் எஞ்சின் தள்ளாடியது. நாலாவதைக் கழற்றியபோது எந்த வித்தியாசமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாதவனுக்கு லீவு கொடுத்தால் ஆபீசில் யாருக்குத் தெரியும்?

நாலு பிளக்கையும் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். மூன்று நல்ல பழுப்பு நிறம். நாலாவது கறுத்து நனைந்திருந்தது. மோந்து பார்த்தால் பச்சைப் பெட்ரோல். பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து, ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். நாலு ஓட்டையிலும் காற்று விரலைத் தூக்கி எறிந்தது. "பாருங்க தாயி, எஞ்சினுக்கு மூச்சு நல்லாருக்கு. எறக்க வேண்டியதில்ல" என்றார். தங்கச்சிக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

பிறகு நாலாவது பிளக்கை முதல் இடத்திலும் முதல் பிளக்கை நாலாவதிலும் மாட்டினார். கோளாறு பிளக்கோடு இடம் மாறவில்லை. வேறு ஒயர் போட்டார். அப்போதும் நாலாவதுதான். பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் மேல் வைத்துச் சுற்றினால் பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தது. டவுன் பட்டறையில் இதைத்தான் பார்த்துவிட்டுக் கரண்டில் கோளாறில்லை என்றிருக்கிறார்கள். அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "வெளிய வர்ற பொறியெல்லாம் உள்ள வருமா சார்? இருட்டட்டும், பாப்போம்" என்று பீடியைப் பற்ற வைத்தார்.

இருட்டும்வரை நாமும் இந்தப் பொறியின் பூர்வ கதையைப் பார்க்கலாம்.

எங்கள் பள்ளியில் பௌதிக ஆசிரியர் ஒரு நாள் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு 'ரூம்கோர்ஃப் சுருள்' என்ற கருவியை இயக்கிக் காட்டினார். இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தது. பாரிஸில் கருவிகள் செய்துவந்த ரூம்கோர்ஃபுக்கு மூன்றாம் நெப்போலியன் அரசு 1864-ல் 50,000 பிராங்க் பரிசு கொடுத்தது என்று பெருமையாகச் சொன்னார். ரூம்கோர்ஃப் ஜெர்மனியில் பிறந்தவர் என்பதையோ, இத்தகைய சுருளை 1836-லேயே அயர்லாந்தில் நிக்கோலஸ் கேலன் என்ற பாதிரியார் செய்துவிட்டார் என்பதையோ அவர் சொல்லவில்லை. அதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பங்கு ஒன்று உண்டு. 1853-ல் ஃபிஸோ என்ற விஞ்ஞானி, மின்சாரத்தை அறுக்கிற இடத்தில் ஒரு கண்டென்சரைச் சேர்த்தால் பொறி வலுவாகும் என்று கண்டார். பழைய வண்டிகளின் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் சிறிய கண்டென்சர் அவர் கொடுத்த யோசனைதான்.

இந்தச் சுருளில் எனக்கு இன்றும் வியப்பான விஷயம் ஒன்று. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறி வராது. அறுபடுகிற கணத்தில்தான் வரும். பாட்டரியின் 12 வோல்ட் மெல்ல ஓடிச் சுருளில் காந்த சக்தியைச் சேர்த்து வைக்கிறது. பாயிண்ட் திறந்து ஓட்டம் அறுந்ததும், அந்தச் சேமிப்பு முழுவதும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பாய்கிறது. பாயிண்டுக்குப் பிரெஞ்சில் 'பிளாட்டினத் திருகு' என்று பெயர். பிளாட்டினம் போய் டங்ஸ்டன் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

இந்தப் பொறியை எஞ்சினுக்குள் முதலில் வேலைக்கு வைத்துப் பெயர் பெற்றவர் எத்தியென் லெனுவார். 1860-ல் பாரிஸில் அவர் ஓட்டிய வாயு எஞ்சினில் ரூம்கோர்ஃப் சுருள் இருந்தது. ஆனாலும் பொறியை எல்லாரும் நம்பிவிடவில்லை. டைம்லர் தம் முதல் எஞ்சின்களில் பழுக்கக் காய்ந்த குழாயால் பெட்ரோல் ஆவியைக் கொளுத்தினார். பென்ஸ் பாட்டரியையும் சுருளையும் நம்பினார். 1902-ல் போஷ் கம்பெனியில் ஹோனோல்ட் என்ற பொறியாளர், பாட்டரியே தேவைப்படாத உயர் அழுத்த மாக்னெட்டோவைச் செய்து முடித்தார். 1910 வாக்கில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் மறுபடி பாட்டரிக்கே வந்து, ஒரே காயிலின் பொறியை எல்லாச் சிலிண்டருக்கும் முறை வைத்துப் பங்கிடும் ஏற்பாட்டைக் கார்களில் நிலைநாட்டினார். 'டேட்டன் எஞ்சினியரிங் லாபரட்டரீஸ் கம்பெனி' என்ற அவருடைய கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான் டெல்கோ. என் சித்தப்பாவின் தெல்கோவுக்கு மூலம் அதுதான். பிரெஞ்சு மெக்கானிக்குகள் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயரைச் சாமானுக்கே வைத்துவிட்டார்கள்.

இந்தச் சாமான்கள் வெகுகாலம் நமக்குக் கப்பலில்தான் வந்தன. 1951-ல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி தொடங்கிய பிறகு பிளக் இங்கேயே கிடைத்தது. 1961-ல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது, டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் நம்முடைய சாமானாயின. அதற்கு முன்னால் பட்டறைக்காரர்கள் பழசைச் சுரண்டி, தேய்த்து, கட்டிச் சமாளித்தார்கள். அண்ணாச்சியின் கை அந்தக் காலத்துக் கை.

பீடி பிடித்தபடி அவர் தம் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது பஸ்கள் கரிவாயுவில் ஓடின. அதற்கான கரிவாயுக் கலத்தை டி.வி.எஸ். கம்பெனி தானே வடிவமைத்து உற்பத்தி செய்தது. பஸ்ஸின் பின்னால் பெரிய உருளை மாதிரி அடுப்பு. அதில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதுதான் எஞ்சினுக்குச் சாப்பாடு. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ழார்ழ் எம்பேர் என்பவர் 1920-களில் இத்தகைய விறகு வாயுக் கலத்தைச் செய்து பெயர் பெற்றவர். அப்படியொரு பஸ்ஸில், வண்டி கிளம்புமுன் அடுப்பின் காற்றாடியைச் சுற்றுகிற பையனாகத்தான் அண்ணாச்சி தொழிலுக்கு வந்தாராம். கரிவாயு மெதுவாக எரியும். ஆகவே டைமிங்கை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். சக்தியும் குறைவு. ஏற்றத்தில் ஜனங்கள் இறங்கி நடப்பார்களாம். "அப்பப் புடிச்சு மிஸ்ஸிங் சத்தம்தான் சார் எனக்குத் தாலாட்டு" என்றார்.

இருட்டிவிட்டது. வாசல் விளக்கை அணைத்தோம். பானெட்டைத் திறந்து, முன்போலவே கியரில் முக்க வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல், இரண்டு ஒயர்களுக்கு நடுவே, ஒரு நீல நூல் ஓடி ஓடி மறைந்தது. ஜன்னல் சாத்திய வகுப்பறையில் முப்பது வருடத்துக்கு முன் பார்த்த அதே நீலம்.

"கண்டீங்களா கள்ளனை?" என்றார் அண்ணாச்சி.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். மூன்றாவது சிலிண்டரின் முனையிலிருந்து நாலாவதின் முனைவரை, பென்சிலால் கிழித்த மாதிரி மயிரிழைக் கறுப்புக் கோடு. ஒயர் நுழைகிற இடத்து ரப்பர் கெட்டிப்பட்டுப் பிளந்திருந்தது. அதன் வழியாகக் கரித்தூள் போயிருக்கிறது. காலைப் பனியில் அது நசநசத்து, பொறி அதன்மேல் ஊர்ந்து ஊர்ந்து, மூடியையே கரித்துப் பாதை போட்டுவிட்டது. கரி மின்சாரத்தைக் கடத்தும். போர்க் காலத்தில் வண்டி ஓட்டிய கரி, இங்கே வண்டியை நிறுத்தியிருந்தது.

அப்படியானால் பட்டறையில் மட்டும் நாலாவது பிளக்கில் பொறி ஒழுங்காக வந்தது எப்படி? இதற்கு விடை பாஷென் என்ற ஜெர்மானியர் 1889-ல் சோதித்துச் சொன்ன விதியில் இருக்கிறது. வாயுவின் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். வெளியே எடுத்து வைத்த பிளக்கில் அழுத்தம் இல்லை, சுலபமாகத் தாண்டிவிடும். பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அப்போது நாலாவதுக்குப் புறப்பட்ட பொறி, கஷ்டமான அந்த வாசலை விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டு வழியாக மூன்றாவதுக்குப் போய்விடுகிறது. மூன்றாவது அப்போதுதான் எரித்து முடித்து அழுத்தம் குறைந்து கிடக்கிறது. அங்கே பொறிக்கு வேலை இல்லை. நாலாவதில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் வெடிக்கிறது. விலாசத்துக்குரிய வீட்டில் நாய் கட்டியிருக்கிறது என்று மணியார்டரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன தபால்காரர் மாதிரி.

அண்ணாச்சிக்குப் பாஷென் பெயர் தெரியாது. வெளிய வர்ற பொறியெல்லாம் உள்ள வருமா என்ற ஒரு வாக்கியத்தில் அந்த விதியைச் சொல்லிவிட்டார்.

கறுப்புக் கோட்டைப் பிளேடு முனையால் முழுவதும் சுரண்டினார். பெட்ரோலில் துடைத்து, பனையோலை விசிறியால் விசிறிக் காய வைத்தார். "பாப்பா, நெகத்துக்குப் போடுற பாலீசு இருந்தா எடுத்தா" என்றார். காது குத்துக்காக வாங்கி வைத்திருந்த சிவப்பு நெயில் பாலிஷ் வந்தது. சுரண்டிய இடத்தில் இரண்டு பூச்சு. அது மின்சாரத்தைக் கடத்தாது. தூசியும் ஈரமும் ஒட்டாது. மூடியை மாட்டி, மறுபடி விளக்கை அணைத்துப் பார்த்தோம். நீல நூல் இல்லை. எஞ்சின் ஒரே சீராக உறுமியது.

மறுநாள் காலை இருபது மூட்டையோடு வண்டி கண்மாய்க் கரையில் ஒரு வெட்டும் இல்லாமல் ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூச்சு தற்காலிகம்தான், புது மூடி போட்டே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வாரமே மதுரைக்குப் போய் மூடியும் ரோட்டாரும் ரப்பரும் வாங்கி வந்தோம். ஆன செலவு அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அளவுதான் இருக்கும்.

தமிழில் பொறி என்றால் நெருப்புத் துளி. பொறி என்றால் எந்திரம். பொறி என்றால் கண், காது முதலான ஐம்பொறியும்தான். ஒரே சொல்லில் மூன்றும் எப்படிச் சேர்ந்தன என்று பண்டிதர்கள் சொல்ல வேண்டும். அண்ணாச்சி வேலை செய்ததைப் பார்த்த எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. எந்திரத்தில் தப்பிய பொறியை அவர் காதாலும் கையாலும் மூக்காலும் கண்ணாலும்தான் தேடினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். மாற்றியதும் கோளாறு கூடவே வருகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தார். டவுன் பட்டறையில் மாற்றியவை அதிகம், பார்த்தது குறைவு.

இன்றைய கார்களில் பாயிண்டும் இல்லை, பங்கிடுகிற மூடியும் இல்லை. பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். பொறி தப்பினால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுக் காட்டுகிறது. எரியாத பெட்ரோல் புகை வடிகட்டியைக் கெடுத்துக் காற்றை மாசுபடுத்தும் என்பதால், அமெரிக்கா 1996 முதல் இந்தக் கண்காணிப்பைக் கார்களில் கட்டாயமாக்கியது. என் பேரன் ஒரு சின்னக் கருவியைக் காரில் செருகிக் காட்டினான். பி 0304 என்று வந்தால் நாலாவது சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்று பொருளாம். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் கிராங்க் தண்டு அந்தக் கணம் மட்டும் மிகச் சிறிதளவு தயங்குமாம். அந்தத் தயக்கத்தை ஒரு சென்சார் அளக்கிறதாம்.

மட்காடின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றவர் அளந்ததும் அதே தயக்கத்தைத்தான். ரூம்கோர்ஃபுக்கு 50,000 பிராங்க் கிடைத்தது. அண்ணாச்சி கூலியாக வாங்கியது இருபது ரூபாயும் ஒரு வேளைச் சாப்பாடும். அதற்கு மேல் கொடுத்தபோது கையை மடக்கிக்கொண்டார். அவர் இப்போது இல்லை. வேப்பமரம் இருக்கிறது.

பிக்கப் இன்னும் சில வருடம் கரி சுமந்தது. சங்கிலி அடகுக்குப் போகவே இல்லை. நெயில் பாலிஷ் கொடுத்த பெண்ணின் கல்யாணத்தில் அதை அவள் கழுத்தில் பார்த்தேன்.